கோல்ட்ஃபின்ச் குருவிக்குத் தீனி: இடம் பார்ப்பதில் தொடங்கி ஃபீடர் கழுவுவது வரை

நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, ஒன்டாரியோ பக்கம் தனி வீட்டுக்குக் குடிவந்தவர்கள் முதல் கோடையிலேயே கேட்டுவிடுவார்கள்: "அந்த மஞ்சள் குருவி எங்க வீட்டுக்கும் வருமா?" வரும். கடைக்குப் போய் ஒரு ஃபீடரும் (விதை போட்டுத் தொங்கவிடும் தீனிக் கலம்) ஒரு பெரிய விதைப் பையும் வாங்கி, டெக் கம்பியில் மாட்டிவிட்டுக் காத்திருப்பார்கள். ஒரு மாதம் கழித்து, "ஒண்ணுகூட வரலை" என்பார்கள்.

போய்ப் பார்த்தால் காரணம் அநேகமாக ஒன்றுதான்: வேலைகளின் வரிசை தலைகீழாக இருக்கும். முதலில் வாங்குகிறார்கள், பிறகு இடம் தேடுகிறார்கள், கழுவுவதைப் பற்றி யோசிப்பதே இல்லை. இந்தக் குருவிக்குச் சரியான வரிசை வேறு. யார் கழுவுவது என்று முதலில் முடிவு செய்யுங்கள், அடுத்து இடம், அதற்கப்புறம் ஃபீடர், கடைசியில் விதை. இந்த வழிகாட்டியும் அதே வரிசையில்தான் போகிறது.

இங்கே சொல்வதெல்லாம் அந்த மஞ்சள் குருவியை, அதாவது அமெரிக்கன் கோல்ட்ஃபின்ச்சை, மனதில் வைத்து எழுதியது. கலிஃபோர்னியா, டெக்சாஸ் பக்கம் இருப்பவர்களுக்கு லெஸ்ஸர் கோல்ட்ஃபின்ச் வரும். அதற்கும் இதே ஃபீடர், இதே விதை, இதே சுத்தம்தான்.

1. வாங்கும் முன் தீர்க்க வேண்டியவை

முதல் கேள்வி: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபீடரைக் கழற்றிக் கழுவ வீட்டில் ஆள் இருக்கிறதா? இல்லையென்றால் ஃபீடர் வேண்டாம். நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய், செடி வையுங்கள். குருவிகள் அதற்கும் வரும். அழுக்கு ஃபீடர் நோயைப் பரப்பும். காட்டில் தனித்தனியாகத் தீனி தேடும் பறவைகளை ஒரே குச்சியில் வரிசையாக உட்கார வைப்பது நாம்தான். அதனால் அந்தக் குச்சியைச் சுத்தமாக வைப்பது நம் பொறுப்பு.

இரண்டாவது, ஹெச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கம்) விதிகள் அல்லது வாடகை ஒப்பந்தம். பல டவுன்ஹவுஸ் குடியிருப்புகளில் எலித் தொல்லையைக் காரணம் காட்டி ஃபீடரே கூடாது என்றிருக்கும். கம்பம் நட்ட பிறகு கடிதம் வந்தால் எல்லாம் வீண்.

மூன்றாவது, கரடி. நியூ ஜெர்சியின் வடமேற்கு மாவட்டங்கள், பென்சில்வேனியாவின் போகோனோஸ் மலை, நியூயார்க்கின் மலைப்பகுதி என்று கறுப்புக் கரடி நடமாடும் இடமானால், கரடி குளிர்கால உறக்கத்தில் இருக்கும் மாதங்களில் மட்டும் மாட்டுங்கள். எண்ணெய் விதை கரடிக்கு அபாரமான தீனி. ஒருமுறை ருசி கண்டுவிட்டால் திரும்பத் திரும்ப வரும், வீட்டு வாசல் வரைக்கும் வரும். உங்கள் மாநில வனவிலங்குத் துறை எந்த மாதம் கழற்றச் சொல்கிறதோ அந்த மாதமே கழற்றிவிடுங்கள்.

நான்காவது, பூனையும் கோழியும். பூனையை வெளியே விடும் வீடு என்றால் ஃபீடர் மாட்டாதீர்கள். கொல்லையில் கோழி வளர்க்கிறீர்கள் என்றாலும் வேண்டாம். காட்டுப் பறவையின் எச்சம் கோழிக்கும், கோழியின் நோய் காட்டுப் பறவைக்கும் போகும் வழியை நாமே திறந்துவிடக் கூடாது.

இவையெல்லாம் சரியாக இருந்தால், கையில் இருக்க வேண்டிய சாமான்கள்: சிறிய ஃபீடர் இரண்டு, இரும்புக் கம்பம், அதில் மாட்டும் அணில் தடுப்புக் கூம்பு, ஃபீடருக்கென்றே ஒரு பக்கெட், நீளமான பாட்டில் பிரஷ், ரப்பர் கையுறை, வாசனை சேர்க்காத ப்ளீச், விதை போட்டு வைக்க இறுக்கமான மூடியுள்ள டப்பா.

2. இடம்

கண்ணாடியிலிருந்து தொடங்குங்கள். ஃபீடர் ஜன்னலுக்கு 3 அடிக்குள் இருக்க வேண்டும், அல்லது 30 அடிக்கு அப்பால் இருக்க வேண்டும். 3 அடிக்குள் என்றால், பயந்து எழும் குருவி கண்ணாடியில் பட்டாலும் அதற்குள் வேகம் பிடித்திருக்காது. நடுவே 10, 15 அடியில் வைப்பதுதான் ஆபத்து. குருவி முழு வேகத்தில் வந்து, கண்ணாடியில் தெரியும் மரத்தை நிஜ மரமென்று நம்பி மோதும். அமெரிக்காவில் கட்டடங்களில் மோதிச் சாகும் பறவைகள் ஆண்டுக்கு 36.5 கோடியிலிருந்து 98.8 கோடி வரை இருக்கலாம் என்று 2014-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அதில் சாதாரண வீடுகளுக்கும் பெரும் பங்கு உண்டு.

பெரிய ஜன்னல் என்றால் வெளிப்புறத்தில் புள்ளி ஸ்டிக்கர் ஒட்டுங்கள். புள்ளிக்குப் புள்ளி 2 அங்குலத்துக்கு மேல் இடைவெளி கூடாது. ஒரே ஒரு பருந்து ஸ்டிக்கரை நடுவில் ஒட்டிப் பிரயோஜனம் இல்லை. குருவி அதைச் சுற்றிக்கொண்டு பக்கத்துக் கண்ணாடியில் மோதும். உட்புறம் ஒட்டினால் வானத்தின் பிரதிபலிப்பு அதை மறைத்துவிடும்.

அடுத்து புதர். 10 அடி தூரத்தில் ஒரு சிறு மரமோ புதரோ இருந்தால் நல்லது. கோல்ட்ஃபின்ச் நேரே ஃபீடருக்கு வராது. முதலில் ஒரு கிளையில் உட்கார்ந்து சுற்றுமுற்றும் பார்க்கும். வல்லூறு வந்தால் ஓடி ஒளியவும் அந்தக் கிளை வேண்டும். ஆனால் ஃபீடருக்குக் கீழேயே அடர்ந்த புதர் இருந்தால் அது பக்கத்து வீட்டுப் பூனை பதுங்குவதற்கு வசதியாகிவிடும்.

கம்பத்தில் மாட்டுவது மரக்கிளையில் தொங்கவிடுவதைவிட எப்போதும் மேல். ஃபீடர் தரையிலிருந்து 5 அடிக்குக் குறையாமல் இருக்கட்டும். அணில் தடுப்புக் கூம்பை அதற்குக் கீழே, தரையிலிருந்து 4 அடிக்குக் குறையாத உயரத்தில் மாட்டுங்கள். மரம், வேலி, டெக் கைப்பிடி எதிலிருந்தும் கம்பம் 10 அடி தள்ளி இருக்க வேண்டும். கூம்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அணில் பக்கவாட்டில் தாவி வந்தால் அது எதற்கும் உதவாது.

முடிந்தால் மதிய வெயிலும் சாரலும் நேராக அடிக்காத பக்கமாகப் பாருங்கள். வெயிலில் விதையின் எண்ணெய் கெடும், மழையில் விதை பூஞ்சை பிடிக்கும்.

3. ஃபீடர்

மெல்லிய விதைக்கென்று விற்கும் குழாய் ஃபீடர் வாங்குங்கள். இதன் துளை ஒரு சிறு கீறல் அளவுதான் இருக்கும். சாதாரணச் சூரியகாந்தி ஃபீடரில் நைஜர் விதையை (நம் பேயெள்ளு) போட்டால் பெரிய துளை வழியாக மணல்போல் கொட்டிவிடும். புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு இது.

கடையில் எடுத்துப் பார்க்கும்போது நான் முதலில் பார்ப்பது அடித்தட்டு கழறுமா என்பதைத்தான். கழறாத ஃபீடரின் அடிப்பகுதியை எந்த பிரஷ்ஷாலும் ஒழுங்காகச் சுத்தம் செய்ய முடியாது. அழகாக இருக்கிறது, விலை குறைவு என்று அதை வாங்கினால் ஆறு மாதத்தில் குப்பைக்குத்தான் போகும். துளையைச் சுற்றி உலோக வளையம் இருந்தால் அணில் கடித்துப் பெரிதாக்காது.

பெரியது ஒன்றைவிடச் சிறியது இரண்டு நல்லது. சின்ன ஃபீடரில் விதை சீக்கிரம் தீரும், அதனால் எப்போதும் புதிதாக இருக்கும். ஒன்று கழுவிக் காயும்போது மற்றது தொங்கும். குருவிகளும் இரண்டு இடமாகப் பிரிந்து உட்காரும், நெரிசல் குறையும்.

துணிப்பை மாதிரி தொங்கும் வலைப்பை ஃபீடர் மலிவு. குருவிகள் அதில் எல்லாப் பக்கமும் தொற்றிக்கொண்டு தின்னும், பார்க்க நன்றாக இருக்கும். புதிதாகத் தொடங்கும் வீட்டில் குருவியின் கண்ணில் படவைக்க இது உதவும். ஆனால் மழையில் முழுதாக நனைந்துவிடும், சரியாகக் கிருமி நீக்கமும் செய்ய முடியாது. அழுக்கானதும் கிழிந்ததும் தூக்கிப் போட்டுப் புதிது மாட்டத் தயாராக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

உட்காரும் குச்சி துளைக்கு மேலே இருக்கும் ஃபீடரும் கிடைக்கிறது. தலைகீழாகத் தொங்கித்தான் அதில் தின்ன முடியும். கோல்ட்ஃபின்ச் அதைச் சர்வசாதாரணமாகச் செய்யும், ஃபீடருக்கு வரும் இன்னொரு குருவியான ஹவுஸ் ஃபின்ச் சிரமப்படும். உங்கள் வீட்டில் ஹவுஸ் ஃபின்ச் கூட்டம் இடத்தைப் பிடித்துக்கொண்டால் இதை யோசியுங்கள். ஆரம்பத்திலேயே வேண்டியதில்லை.

4. விதை

கோல்ட்ஃபின்ச் கிட்டத்தட்ட முழுச் சைவம். குஞ்சுக்கும் விதையைத்தான் ஊட்டும். அதனால் விதையின் தரம்தான் எல்லாம். இரண்டு வகை போதும்: நைஜர் விதை, தோல் நீக்கி உடைத்த சூரியகாந்திப் பருப்பு.

நைஜர் விதை பையில் திசில் என்றும் போட்டிருக்கும். இரண்டும் ஒரே சரக்கு. கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் மானாவாரியில் விதைக்கும் பேயெள்ளுதான் இது. எத்தியோப்பியாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலேறி இங்கே வருகிறது. அமெரிக்காவுக்குள் வரும் விதையைச் சூடேற்றித்தான் உள்ளே விடுவார்கள், அதனுடன் கலந்து வரக்கூடிய கொடிக்களை விதைகள் இங்கே முளைக்கக் கூடாது என்பதற்காக. ஊரிலிருந்து வரும்போது பெட்டியில் ஒரு கிலோ கொண்டுவரலாமே என்று சிலர் கேட்பார்கள். கூடாது. சூடேற்றாத விதை விமான நிலையத்தில் பறிபோகும். தப்பித்தவறி உள்ளே வந்தாலும் பிறர் வயலுக்குக் கேடு.

புது விதை கறுப்பாக, லேசான மினுமினுப்போடு இருக்கும். பழசு பழுப்படித்து மங்கிப் போயிருக்கும். சந்தேகமென்றால் ஒரு வெள்ளைத் தாளில் பத்து விதையைப் போட்டுக் கரண்டியின் அடிப்பக்கத்தால் அழுத்தி நசுக்குங்கள். தாளில் எண்ணெய்க் கறை பரவினால் நல்ல விதை. பொடியாக நொறுங்கி, தாள் காய்ந்தே இருந்தால் அந்தப் பையைக் குருவி தொடாது. "ஒண்ணுகூட வரலை" என்று சொல்லும் வீடுகளில் நான் முதலில் செய்வது இந்தச் சோதனைதான். பாதிக்கு மேல் அதிலேயே விடை கிடைத்துவிடும்.

நைஜர் சில மாதங்களில் காய்ந்துவிடும். அதனால் மலிவாக இருக்கிறதே என்று 20 பவுண்டு மூட்டை வாங்காதீர்கள். முதல் தடவை 2 அல்லது 3 பவுண்டு, அதுவும் விற்பனை நன்றாக நடக்கும் கடையில். வீட்டில் மூடிய டப்பாவில், குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். கோடையில் கராஜ் வேண்டாம்.

உடைத்த சூரியகாந்திப் பருப்பு சற்று விலை கூடுதல். கோல்ட்ஃபின்ச்சுக்கு இது நைஜர் அளவுக்கே பிடிக்கும், சில வீடுகளில் அதைவிட அதிகமாகவே பிடிக்கிறது. தோல் இல்லாததால் கீழே குப்பை குறைவு. ஆனால் நனைந்தால் ஓரிரு நாளில் கெட்டுவிடும், அணிலும் தேடி வரும். நைஜரை அணில் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. அதனால் தொடக்கத்துக்கு நைஜர், அணில் தடுப்பு சரியாக வேலை செய்கிறது என்று தெரிந்தபின் பருப்பு.

கடையில் கிடைக்கும் பல விதை கலந்த பை வேண்டாம். அதிலுள்ள சிவப்புச் சோளத்தையும் பெரிய தானியத்தையும் கோல்ட்ஃபின்ச் கீழே தள்ளிவிடும். ரொட்டி, சோறு, மிக்சர் எதுவும் வேண்டாம்.

5. நிரப்புவது

முதல் தடவை ஃபீடரில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் போடுங்கள். குருவிகள் இடத்தைக் கண்டுபிடிக்கும் வரை விதை அப்படியே நிற்கும். முழுதாக நிரப்பினால் அவை வந்து சேரும் நேரத்தில் உள்ளே எல்லாம் பழசாகியிருக்கும்.

அடுத்த தடவை நிரப்பும்போதுதான் முக்கியமான தவறு நடக்கிறது. மேலே காலியாகத் தெரிந்ததும் அப்படியே புது விதையைக் கொட்டிவிடுவார்கள். குழாயின் கடைசித் துளைக்குக் கீழே ஓர் அங்குலம் விதை எப்போதும் தங்கும். குருவியின் அலகு அங்கே எட்டாது. மழைநீர் இறங்கி நிற்பதும் அங்கேதான். சில வாரத்தில் அது கெட்டியாகி, பச்சைப் பூஞ்சை படர்ந்து, மேலே இருக்கும் விதைக்கும் ஏறும். எனவே ஒவ்வொரு முறையும் அடித்தட்டைக் கழற்றி, பழையதைக் குப்பையில் கொட்டி, பிறகு புதிது போடுங்கள். கழுவ நேரமில்லாத நாளிலும் இதைச் செய்ய இரண்டு நிமிடம் போதும்.

மழைக்கு மறுநாள் ஃபீடரை ஆட்டிப் பாருங்கள். விதை சலசலவென்று அசைய வேண்டும். மொத்தமாக ஒட்டிக்கொண்டு நகர்ந்தால் கொட்டிவிட்டுக் காயவையுங்கள்.

6. காத்திருக்கும் காலம்

சில நாளிலும் வரலாம், சில வாரமும் ஆகலாம். விதை சோதனையில் தேறியது, இடமும் சரி என்றால் ஃபீடரை அசைக்காதீர்கள். மூன்று நாளைக்கு ஒருமுறை இடம் மாற்றினால், ஏற்கெனவே தூரத்திலிருந்து கவனித்துக்கொண்டிருந்த குருவியும் குழம்பும். விதையை மட்டும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதுப்பியுங்கள்.

வந்திருப்பது எது என்பதிலும் குழப்பம் வரும். பளீர் மஞ்சளும் கறுப்பு நெற்றியும் கோடையில் ஆணுக்கு மட்டும்தான். பெண் மங்கிய மஞ்சள். குளிர்காலத்தில் இரண்டும் பழுப்பும் சாம்பலும் கலந்த நிறத்துக்கு மாறிவிடும். நவம்பரில் ஃபீடர் மாட்டிவிட்டு, "வெறும் பழுப்புக் குருவிதான் வருது" என்று வருத்தப்படுபவர்கள் இறக்கையைப் பார்க்கட்டும்: கறுப்பு இறக்கையில் வெளிர் நிறப் பட்டை இருந்தால் அது கோல்ட்ஃபின்ச்தான். உடம்பெல்லாம் கோடுகோடாக இருந்து, இறக்கையில் மஞ்சள் கீற்று தெரிந்தால் அது பைன் சிஸ்கின் என்ற வேறு குருவி. பருமனாக, தலையிலும் மார்பிலும் சிவப்புப் பூசினாற்போல் இருந்தால் ஆண் ஹவுஸ் ஃபின்ச்.

ஒரு கோல்ட்ஃபின்ச் தின்பதைக் கொஞ்சம் அருகிலிருந்து பாருங்கள். கீறலிலிருந்து ஒரு விதையை உருவி, அலகின் ஓரத்தில் வைத்து நாக்கால் உருட்டும். ஒரு நொடியில் மெல்லிய கறுப்புத் தோல் இரண்டாகப் பிளந்து அலகின் இருபக்கமும் வழியும், பருப்பு உள்ளே போகும். உடனே அடுத்த விதை. ஒரே இடத்தில் பல நிமிடம் இப்படியே உட்கார்ந்திருக்கும். கீழே குவிவது விதை என்று நினைத்து, "எல்லாத்தையும் சிந்துது" என்று ஃபீடரை மாற்றப் போகாதீர்கள். ஒரு பிடி அள்ளி விரலால் தேய்த்துப் பாருங்கள், பெரும்பகுதி வெறும் தோலாக இருக்கும்.

7. கழுவுவது

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கட்டாயம். கூட்டம் அதிகமான நாட்களிலும், தொடர் மழையிலும், வெக்கையிலும் வாரம் ஒருமுறை. நாள் மறந்துபோகும் என்றால் குப்பை வண்டி வரும் நாளோடு சேர்த்துக்கொள்ளுங்கள், பழைய விதையும் அன்றே வீட்டைவிட்டுப் போய்விடும்.

சமையலறை சிங்க்கில் கழுவாதீர்கள். பறவை எச்சத்தில் சால்மொனெல்லா இருக்கலாம். 2021-இல் பாட்டுப் பறவைகளோடு தொடர்புடைய சால்மொனெல்லா தொற்று அமெரிக்காவின் பல மாநிலங்களில் மனிதர்களுக்கும் வந்தது. வெளியே பக்கெட்டில் செய்யுங்கள். குளிர்காலத்தில் பேஸ்மென்ட் துணி துவைக்கும் தொட்டி பரவாயில்லை, முடிந்ததும் அதையும் ப்ளீச் ஊற்றிக் கழுவிவிடுங்கள். கையுறை எப்போதும்.

முதலில் கொட்டிக் காலி செய்து, மூடி, அடித்தட்டு, குச்சிகள் என்று கழறுவதையெல்லாம் கழற்றுங்கள். வெந்நீரில் பாத்திரம் தேய்க்கும் சோப்பு சில சொட்டு விட்டு ஊறவைத்து, பிரஷ்ஷால் உள்ளும் புறமும் தேயுங்கள். துளையின் ஓரமும் குச்சியும்தான் முக்கியம், அலகும் கண்ணும் உரசுவது அங்கேதான். பழைய பல் துலக்கும் பிரஷ் இதற்குச் சரியாக இருக்கும்.

அழுக்கு முழுவதும் போனபிறகே ப்ளீச். ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர், 10 நிமிடம் மூழ்கியிருக்கட்டும். வரிசையை மாற்றி முதலில் ப்ளீச்சில் போட்டால், எச்சத்தோடும் எண்ணெய்ப் பிசுக்கோடும் வினைபுரிந்தே அதன் சக்தி தீர்ந்துவிடும், கிருமி தப்பித்துவிடும். ப்ளீச்சோடு வினிகரையோ அம்மோனியா கலந்த கிளீனரையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும்.

வாசனை போகும்வரை நல்ல தண்ணீரில் அலசுங்கள். பிறகு காயவைப்பது. இந்த ஒரு படியில்தான் அவசரப்படுகிறார்கள். துணியால் துடைத்துவிட்டு உடனே விதை போட்டால், மூலைகளில் நிற்கும் ஈரத்தில் விதை ஒட்டி, ஒரு வாரத்தில் மறுபடி பூஞ்சை. ஒரு இரவு முழுக்கக் காயட்டும். அதற்காகத்தான் இரண்டாவது ஃபீடர்.

8. நோய்வாய்ப்பட்ட குருவி வந்தால்

மற்றவை பறந்தபிறகும் ஒரு குருவி மட்டும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறதா? இறகைச் சிலிர்த்து உருண்டையாக இருக்கிறதா? ஒரு கண் வீங்கி, இமை பொருக்குத் தட்டி மூடியிருக்கிறதா? ஃபீடர் வைத்திருப்பவர் கவனிக்க வேண்டிய அறிகுறிகள் இவை.

கண் வீக்கம் பெரும்பாலும் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவால் வருவது. 1994-இல் வாஷிங்டன் டி.சி. வட்டாரத்தில் ஹவுஸ் ஃபின்ச்களிடம் முதலில் கவனிக்கப்பட்டு, சில ஆண்டுகளில் கிழக்குப் பகுதி முழுக்கப் பரவியது. கோல்ட்ஃபின்ச்சுக்கும் வரும். கண் தெரியாத குருவி தீனி தேடி அலைய முடியாமல் ஃபீடரிலேயே தங்கும், குச்சியில் கண்ணைத் தேய்க்கும், அடுத்து வரும் குருவிக்குத் தொற்றும்.

அன்றே எல்லா ஃபீடரையும் தண்ணீர்த் தொட்டியையும் இறக்கிவிடுங்கள். "பாவம், பசிக்குமே" என்று ஒன்றை மட்டும் விட்டுவைப்பவர்கள் உண்டு. அந்த ஒன்றில்தான் எல்லாம் கூடும். இறக்கினால் குருவிகள் பிரிந்து போய்த் தனித்தனியாகத் தீனி தேடும், தொற்று குறையும். இரண்டு வாரமாவது இறக்கியே இருக்கட்டும். கழுவிக் காயவைத்து, கீழே சிந்தியதை வாரி எடுத்தபின் மாட்டுங்கள்.

குருவியைப் பிடித்து நீங்களே வைத்தியம் பார்க்காதீர்கள், தண்ணீரில் மாத்திரையும் கலக்காதீர்கள். காட்டுப் பறவையை உரிமமின்றி வைத்திருப்பதைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம் 1918-இலிருந்தே இருக்கிறது. உரிமம் பெற்ற வனவிலங்கு மறுவாழ்வு மையத்தைக் கூப்பிடுங்கள். இறந்த குருவியைக் கையுறையோடு எடுத்து, இரண்டு பைகளில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

வல்லூறு வந்து ஃபீடரையே சுற்றத் தொடங்கினாலும் இதே வழிதான். சில நாள் இறக்கி வைத்தால் வேறு இடம் பார்த்துக்கொள்ளும்.

9. தரை

ஃபீடருக்குக் கீழே வாரம் ஒருமுறை பெருக்குங்கள் அல்லது வாருகோலால் வாரி எடுங்கள். ஈரத்தில் ஊறும் தோலும் எச்சமும் சேர்ந்த குவியலில் தரையில் மேயும் ஜன்கோ குருவியும் புறாவும் நடக்கும். இரவில் எலி வரும். எலி வந்துவிட்டால் தீனியை நிறுத்துவதைத் தவிர வேறு சுலப வழி இல்லை. தோலோடு சூரியகாந்தி போடுபவர்கள் கவனிக்க: அந்தத் தோல் குவிந்த இடத்தில் புல் வளராது.

10. தண்ணீர்

விதை மட்டுமே தின்னும் பறவைக்குத் தண்ணீர் அதிகம் வேண்டும். அகலமான, ஆழமில்லாத தொட்டி போதும். நடுவில் 2 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. வழுக்கும் பீங்கான் என்றால் சில கூழாங்கற்களைப் போடுங்கள். கோடையில் இரண்டு நாளைக்கு ஒருமுறை கொட்டி மாற்றினால் கொசு முட்டை பொரிக்காது. குளிர்காலத்தில் உறையாமலிருக்க வெளிப்புறப் பயன்பாட்டுக்கான ஹீட்டர் கிடைக்கிறது. மின்கசிவுப் பாதுகாப்புள்ள (ஜி.எஃப்.சி.ஐ.) பிளக்கில்தான் சொருக வேண்டும்.

11. வருடம் முழுவதும் என்ன எதிர்பார்க்கலாம்

மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் ஆண்குருவிகள் திட்டுத்திட்டாக மஞ்சளும் பழுப்புமாக வரும். நோய் என்று பயப்பட வேண்டாம், இறகு மாறுகிறது.

மே மாதத்தில் திடீரென்று குறைந்துவிடும். புல்வெளியில் டான்டலியன் காய்த்துக் கிடக்கும்போது ஃபீடர் அவற்றுக்கு இரண்டாம் பட்சம். அந்த வாரங்களில் விதையைக் குறைத்துப் போடுங்கள், ஃபீடரைக் கழற்றிவிடாதீர்கள்.

மற்ற குருவிகள் குஞ்சு பொரித்து முடித்தபிறகு, ஜூன் கடைசி, ஜூலையில்தான் கோல்ட்ஃபின்ச் கூடு கட்டும். முள் நிறைந்த திசில் செடியும் (பையில் போட்டிருக்கும் நைஜர் அல்ல) மில்க்வீட் செடியும் பஞ்சு விடும் காலம் அது, கூட்டுக்கு அந்தப் பஞ்சு வேண்டும். ஆகஸ்ட், செப்டம்பரில் குஞ்சுகளோடு ஃபீடருக்கு வரும். இறக்கையை நடுக்கிக்கொண்டு கத்தும் குஞ்சுக்கு அப்பா விதை ஊட்டுவதை அப்போது பார்க்கலாம். வருடத்தில் அதிகக் கூட்டம் சேரும் நேரங்களில் இதுவும் ஒன்று. அதனால் வாரம் ஒருமுறை கழுவ வேண்டிய காலமும் இதுவே. குளிர்காலத்தில் கூட்டம் இன்னும் பெரிதாகலாம், சில ஆண்டுகளில் வடக்கிலிருந்து பைன் சிஸ்கின் திரளாக வந்து சேரும்.

12. செடி

ஃபீடர் வேண்டாம் என்று முடிவு செய்தவர்களும், ஃபீடர் வைத்தவர்களும் இதைச் செய்யுங்கள். ஊதாக் கோன்ஃப்ளவர், பிளாக்-ஐட் சூசன், சூரியகாந்தி, ஆஸ்டர், ஜோ-பை வீட்: இவற்றில் மூன்றை வெயில் படும் இடத்தில் கும்பலாக நடுங்கள். தனித்தனியாக அங்கொன்றும் இங்கொன்றுமாக நட்டால் குருவியின் கண்ணில் படாது. இதழ் இரட்டிப்பாக உள்ள அலங்கார ரகங்களில் விதை சரியாகப் பிடிக்காது, சாதாரண ரகமாகக் கேட்டு வாங்குங்கள்.

பூ வாடியதும் தலையைக் கிள்ளாதீர்கள். காய்ந்து கறுத்த அந்தத் தலையில்தான் விதை இருக்கிறது. தோட்ட வேலைக்கு ஆள் வைத்திருந்தால் செப்டம்பரிலேயே சொல்லிவைக்க வேண்டும், இல்லையென்றால் அக்டோபரில் எல்லாவற்றையும் வெட்டிச் சுத்தம் செய்துவிடுவார். தண்டுகள் வசந்தம் வரை நிற்கட்டும். பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் இந்தப் பாத்திக்கு வேண்டாம்.

காய்கறி போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோல்ட்ஃபின்ச் சூரியகாந்தி இலையையும், பீட்ரூட், சுவிஸ் சார்ட் இலையையும் கிழித்துத் தின்னும். நரம்பு மட்டும் மிஞ்சிய இலையைப் பார்த்துப் புழு என்று மருந்தடித்துவிடாதீர்கள். கீரைப் பாத்தியின் மேல் மெல்லிய விவசாயத் துணியை வளைவுக் கம்பியில் இறுக்கமாகப் போர்த்துங்கள். கண்ணி பெரிதான நைலான் வலை வேண்டாம், குருவியின் காலும் பாம்பும் அதில் சிக்கும். சூரியகாந்திக்கு எதுவும் செய்யத் தேவையில்லை, கீழ் இலை கொஞ்சம் போனாலும் பூ வரும்.